தோலும் சுங்கமும்

வாணிபத்தின் மீது வரி விதிக்கும் உரிமை ஓர் அரசுக்கு உண்டா என்று வினவினால், உண்டு என்றே நம் நூல்கள் விடை பகர்கின்றன. எப்பொருளுக்கு, எவ்வளவு, முடிவில் எவர் தலையில் என்று வினவும் இடத்தில்தான் முன்னோர் நின்று நிதானித்துப் பேசியிருக்கின்றனர். அந்த நிதானம் இன்று அருகி வருவதைக் கண்டு நம் உள்ளத்தில் எழுந்த சில எண்ணங்களை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

நாம் பொருளாதாரம் பயின்றவரல்லோம். தெற்கே பிறந்து, வேலூரில் ஓதி, பாலாற்றங்கரை ஊரொன்றில் அரபும் தமிழும் கற்பித்து முப்பதாண்டை நெருங்கிவிட்டோம். ஆயினும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என நீளும் இந்நிலப்பகுதியில் வாழ்கின்ற எவரும் தோலைப் பற்றி அறியாமல் இருந்துவிட இயலாது. காற்றின் திசை மாறினால் மூக்கே சொல்லிவிடும். நம்மிடம் ஓத வரும் பிள்ளைகளுள் பலருடைய தந்தையர் தோல் ஷாப்புகளிலும், தாய்மார் காலணித் தொழிற்சாலைகளிலும் வேலை பார்ப்பவர்கள். காலணியின் மேற்பாகத்தைத் தைக்கும் பொறிகளின் முன் அமர்ந்திருப்போரில் பெண்களே மிகுதி. பிள்ளைகளின் புத்தகமும் உடுப்பும் அக்கூலியில் வருபவை.

2025 ஆம் ஆண்டு ஏப்ரல் 2 ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப், தம் நாட்டின் வணிகப் பற்றாக்குறையை ஒரு தேசிய நெருக்கடி என அறிவித்து, ஏறத்தாழ உலகம் முழுமைக்கும் புதிய இறக்குமதி வரிகளை விதித்தார். இந்தியாவுக்கு 26 விழுக்காடு என்றார். ஒரே வாரத்தில் அதில் பெரும்பகுதியை 90 நாள்களுக்கு நிறுத்தி வைத்தார். பின்னர் ஆகஸ்டு 7 முதல் 25 விழுக்காடு நடைமுறைக்கு வந்தது. இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி மேலும் 25 விழுக்காடு, அதே மாதம் 27 முதல் சேர்ந்தது. ஆக 50 விழுக்காடு. இது காலணிகளுக்கு முன்னரே இருந்த வழக்கமான சுங்கத்திற்கு மேலாக வந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

காலணி வாணிபத்தின் போக்கை அறியாதவர்களுக்கு ஒன்று கூற வேண்டும். கடையில் விற்பனைக்கு வரும் நாளுக்குப் பல மாதங்கள் முன்பே மாதிரி காட்டி, விலை பேசி, ஆர்டர் பெற்று, தோல் வாங்கி வெட்டத் தொடங்கிவிடுவார்கள். விலை பேசிய நாளில் ஒரு வரி, கப்பல் ஏறும் நாளில் வேறொரு வரி என்றால் அந்த வேறுபாட்டை எவரேனும் ஒருவர் தாங்கியாக வேண்டும். வாங்குகிறவர் தள்ளுபடி கேட்கிறார். முதலாளி தம் இலாபத்தில் ஒரு பங்கை விட்டுக் கொடுக்கிறார்; எஞ்சியதைக் கூலிக் கணக்கில் தேடுகிறார். நம் ஊரில் முதலில் நின்றது ஓவர்டைம். பிறகு சில இடங்களில் வாரத்தின் வேலைநாள்களே சுருங்கின.

அந்நாள்களில் ஒரு மாணவனின் தாயார், மகனுக்குச் சம்பளம் கட்ட ஒரு மாதம் தவணை கேட்க வந்தார். தவணை என்ன, கட்டவே வேண்டாம் என்றோம். போகும்போது வாயிற்படியில் நின்று கேட்டார்: “ஹஜ்ரத், அமெரிக்காக்காரனுக்கு நம்ம மேலே அப்படி என்ன கோபம்?” ரஷ்யாவிடம் நம் நாடு எண்ணெய் வாங்குவதுதான் கோபத்திற்குக் காரணம் என்று நமக்குத் தெரிந்த அளவில் எடுத்துக் கூறினோம். சற்று யோசித்துவிட்டு, “எண்ணெய் வாங்கினதுக்குச் செருப்பு மேலே ஏன் அபராதம் போடுறான்?” என்றார். நம்மிடம் விடையில்லை. வாஷிங்டனில் உள்ள அறிஞர்களிடமேனும் இருக்கிறதா என்பதும் ஐயமே.

அந்த எளிய கேள்வியை நம் ஃபிக்ஹு நூலார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எடுத்து ஆராய்ந்திருக்கின்றனர் என்பதே நாம் சொல்ல விரும்பும் செய்தி. ஹிஜ்ரி 593 இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ‘ஹிதாயா’ மதரஸாக்களில் இன்றும் ஓதப்படும் நூல். போரிடும் பகைவர்க்கு எதை விற்கலாம், எதை விற்கலாகாது என்று அதில் ஒரு பேச்சு வருகிறது. ஆயுதம் விற்கலாகாது, குதிரை விற்கலாகாது, ஆயுதத்திற்கு மூலமாகிய இரும்பும் அவ்வாறே. உணவும் உடையும்? அவையும் பகைவனுக்கு வலுவூட்டுவனதாமே, எனவே கியாஸ் முறைப்படி நோக்கினால் அவற்றையும் தடுக்க வேண்டும் என்று நூலாசிரியரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் தடுக்கலாகாது என முடிக்கிறார். காரணம், துமாமா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி.

யமாமா நாட்டுத் தலைவராகிய துமாமா இப்னு உஸால் இஸ்லாத்தைத் தழுவியதும், மக்காவுக்குச் செல்லும் தானியத்தை நிறுத்திவிட்டார். மக்கா விளைநிலமற்ற பள்ளத்தாக்கு. யமாமாவின் கோதுமை வராவிடில் அடுப்பு எரியாது. குறைஷியர் அன்று அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பகைவர்கள். ஊரைவிட்டுத் துரத்தியவர்கள். போர் தொடுத்தவர்கள். ஆயினும் அவர்கள் முறையிட்டு எழுதியபோது, தானியத்தை விட்டுவிடுமாறு பெருமானார் துமாமாவுக்குக் கட்டளையிட்டார்கள். ஒரு நாட்டின் காப்பு என்னும் கோட்டையை எதுவரை கட்டலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எல்லைக்கல் வேறு எங்கும் நாம் கண்டதில்லை. ஆயுதத்தைப் பெயர் சொல்லித் தடு. குதிரையைப் பெயர் சொல்லித் தடு. மாவையும் துணியையும் விட்டுவிடு. இவ்வெல்லை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. எந்நாடு பாதுகாப்பின் பெயரால் எல்லையை மூடினாலும், எப்பொருளை, எதற்காக என்று பெயர் சொல்லும் கடமை அதற்கு உண்டு.

இங்கே நம் வாதத்திற்கு எதிராகவே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். தோலே ஆயுதமாக எண்ணப்பட்ட காலமும் ஒன்று உண்டு. ஆவாரம்பட்டையில் ஊறிப் பதமாகிய சென்னை மாகாணத்துத் தோலுக்கு, உலகச் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா’த் தோல் என்று பெயர். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்சுக்கு அத்தோல் தேவைப்பட்டது. 1916 இல் அரசு அவ்வாணிபத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டு, பதனிட்ட மாட்டுத்தோலைப் போர்த்துறைக்கே வாங்கிக் குவித்தது. பதனிடும் தொழில் படைக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை அப்போதுதான் ஆட்சியாளர் உணர்ந்தனர். விளைவு, 1919 இல் பதனிடாத தோல்மீது 15 விழுக்காடு ஏற்றுமதி வரி. பேரரசுக்குள்ளேயே பதனிடப்படுமாயின் 10 விழுக்காடு திருப்பித் தரப்படும் என்ற சலுகை. போருக்கு முன் நம் பச்சைத் தோலில் பெரும்பங்கு ஜெர்மனிக்குச் சென்று கொண்டிருந்ததை நினைத்தால் இச்சலுகையின் நோக்கம் விளங்கும். ஆனால் 1923 இல் அவ்வரி 5 விழுக்காடாகக் குறைந்தது, சலுகையும் நின்றது. நாட்டுக் காப்பின் பெயரால் வந்த அச்சட்டத்திற்குக் குறைந்தபட்சம் ஒரு நேர்மை இருந்தது: தடுத்த பொருளும் காக்க விரும்பிய பொருளும் ஒன்றாகவே இருந்தன. பூட்சுக்காகத் தோலைப் பிடித்தார்கள். எண்ணெய்க்காகச் செருப்பைப் பிடிக்கவில்லை.

‘சரிக்குச் சரி’ வரி என்று 2025 இல் ஒரு பெயர் வழங்கிற்று. இப்பெயரைக் கேட்டவுடன், அரபு நூல் ஓதிய எவருக்கும் கலீபா உமர் (ரலி) அவர்கள் நினைவுக்கு வருவார்கள். நம் வணிகர்கள் அயல்நாடு சென்றால் அவர்கள் பத்திலொன்று வாங்குகிறார்கள் என்று அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் எழுதியபோது, அவர்கள் வாங்குமளவு நீங்களும் வாங்குங்கள் என்று கலீபா விடை எழுதினார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் ஹாரூன் ரஷீதின் வேண்டுகோளுக்கிணங்க எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலில் இச்செய்தி உள்ளது. பார்க்கும்போது ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரண்டுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. கலீபா அவர்கள் எதிர்ப்பக்கத்தில் உண்மையாகவே வாங்கப்படும் வரி எவ்வளவு என்று கேட்டு, அதனை அளவுகோலாகக் கொண்டார்கள். 2025 ஏப்ரலில் வாஷிங்டன் கொண்ட அளவுகோலோ வேறு. ஒரு நாட்டுடன் உள்ள சரக்கு வணிகப் பற்றாக்குறையை அந்நாட்டிலிருந்து வரும் இறக்குமதியால் வகுத்து, அதில் பாதியை வரியாக்கினார்கள். எதிராளி உண்மையில் எவ்வளவு வாங்குகிறான் என்பது அக்கணக்கில் எங்கும் இல்லை. இதற்குச் சரிக்குச் சரி என்று பெயர் வைப்பது, தராசில் ஒரு தட்டை மட்டும் மாட்டிவிட்டு நிறுத்தேன் என்பது போன்றது.

கிதாபுல் கராஜில் இன்னுமொரு நிகழ்ச்சி நம் நெஞ்சை விட்டு நீங்காதது. சுங்கம் வாங்க உமர் (ரலி) அவர்கள் முதன்முதலாக அனுப்பியவர் ஸியாத் இப்னு ஹுதைர் என்பவர். தக்லிப் குலத்துக் கிறிஸ்தவர் ஒருவர் விலையுயர்ந்த குதிரையொன்றுடன் அவரைக் கடந்து சென்றார். குதிரையின் மதிப்பு 20,000 திர்ஹம். ஸியாத் 1,000 திர்ஹம் வாங்கிக்கொண்டார். அதே ஆண்டில் அவர் திரும்பி வருகையில் மீண்டும் 1,000 கேட்டார். குதிரைக்காரர் மக்காவுக்குச் சென்று கலீபாவிடம் முறையிட்டார். கவலை தீர்ந்தது என்று ஒரே சொல்லில் கலீபா அவர்கள் முடித்துவிட்டார்கள். தம்மைத் தட்டிக்கழித்து விட்டார்கள் என்றே அவர் எண்ணினார். இன்னொரு 1,000 கொடுக்க மனத்தைத் தேற்றிக்கொண்டு திரும்பினார். வந்து பார்த்தால் கலீபாவின் கடிதம் அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது: ஒருமுறை செலுத்தியவரிடம் அடுத்த ஆண்டு அதே நாள் வரும்வரை மறுபடி கேட்கலாகாது. முறையிட்டவர் தம் மார்க்கத்தவர் அல்லர் என்பது கலீபாவுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

ஈண்டு மொழியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஆங்கிலத்தார் வழங்கும் ‘டாரிஃப்’ என்னும் சொல் அரபியின் ‘தஃரீஃப்’ என்பதிலிருந்து இத்தாலியர் வழியாகச் சென்றது. அதன் பொருள், அறிவித்தல். இன்ன பொருளுக்கு இவ்வளவு என்று துறைமுகத்தில் முன்கூட்டி அறிவித்து வைப்பது. அறிவித்த வாரமே மாறி, மாறிய மாதமே இரட்டிப்பாகும் வரிக்கு அச்சொல்லை வழங்குவதைக் கேட்டால் நம் போன்ற இலக்கண ஆசிரியர்களுக்குச் சற்று உறுத்தத்தான் செய்யும்.

அமெரிக்காவை மட்டும் குறை கூறி முடித்தால் அது நேர்மையாகாது. நம் நாட்டிலும் ஒருவரைக் காக்க இட்ட வேலி இன்னொருவரைக் குத்தியதுண்டு. 1972 இல் சீதாராமய்யா குழு பரிந்துரைத்ததை அடுத்து, 1973 முதல் அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கு அளவுக் கட்டுப்பாடு வந்தது. தோலாக அனுப்பாதீர்கள், செருப்பாகவும் பையாகவும் அனுப்புங்கள், இங்கே வேலை பெருகும் என்பது நோக்கம். நோக்கம் பெரிதும் நிறைவேறிற்று. இன்று இவ்வட்டாரத்துப் பெண்கள் தையற்பொறியின் முன் அமர்ந்திருப்பதற்கு அக்கொள்கையும் ஒரு காரணம். ஆயின் பட்டைத் தோல் மட்டுமே போட்டுக்கொண்டிருந்த சிறிய ஷாப்புக்காரர்கள் பலர் புதிய பொறிகள் வாங்க முதலின்றிப் பெரியவர்களுக்குக் கூலிக்குப் பதனிடுவோராக மாறினர்.

அதே இழுபறி இன்றும் ஓயவில்லை. 2021 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், உள்நாட்டிலேயே நன்றாகக் கிடைக்கிறது என்று கூறிச் சிலவகைத் தோல்களின் இறக்குமதிக்கு இருந்த வரிவிலக்கை எடுத்தார்கள். பதனிடுவோர் மகிழ்ந்தனர், காலணி செய்வோர் முகம் சுளித்தனர். 2025 பிப்ரவரியில் ‘வெட் புளூ’த் தோலின் இறக்குமதி வரியை முற்றிலும் நீக்கி, ‘கிரஸ்ட்’ தோலுக்கிருந்த 20 விழுக்காடு ஏற்றுமதி வரியையும் எடுத்தார்கள். இதில் முதலாவது காலணிக்காரருக்கு நன்மை. இரண்டாவது சிறு பதனிடுவோருக்கு. நடுவே 2020 இல், அயல்நாட்டுக் காலணிமீதான வரியை 25 இலிருந்து 35 விழுக்காடாக உயர்த்தியதும் உண்டு. அதன் சுமை, பள்ளி திறக்கும் மாதத்தில் பிள்ளைக்குச் செருப்பு வாங்கும் தந்தையின் பையில் போய் இறங்கும். இதைப் பற்றி மட்டும் எந்தச் சங்கமும் அறிக்கை விடுவதில்லை. செருப்பு வாங்குவோருக்குச் சங்கம் ஏது?

அமெரிக்காவிலும் அதே கதைதான். அங்குள்ள பழைய சுங்க அட்டவணையில் தோல் காலணிக்குப் பெரும்பாலும் 8.5 அல்லது 10 விழுக்காடு; துணியும் ரப்பருமாகச் செய்த மலிவுக் காலணிகள் சிலவற்றுக்கோ 37.5 விழுக்காடு. செல்வர் அணிவதற்குக் குறைவு, எளியவர் பிள்ளை அணிவதற்கு மிகுதி. உமர் (ரலி) அவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள் என்பதை ‘முவத்தா’வில் காண்கிறோம். நபத்தி வணிகர்கள் கொண்டுவரும் பருப்பு வகைகளுக்குப் பத்திலொன்று வாங்கிய அவர்கள், கோதுமைக்கும் எண்ணெய்க்கும் அதில் பாதியே வாங்கினார்கள். மதீனாவுக்கு அவை மிகுதியாக வந்து சேர வேண்டும் என்பதே நோக்கம். சுங்கத்தை வாங்கும்போதே சந்தையில் நிற்கும் குடும்பத்தலைவியை மனத்தில் நிறுத்திய ஆட்சி அது.

வாங்குவோரைக் காக்கும் சட்டம் வாணிபத்திற்கு எப்போதும் இடையூறே என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் கூறுவர். அவர்களுக்கு நாம் எடுத்துக்காட்டுவது ஜெர்மனியை. 1989 இல் அந்நாடு, தோல் பூஞ்சை பிடிக்காதிருக்கச் சேர்த்துவந்த ‘பென்டாகுளோரோபீனால்’ என்னும் மருந்தைத் தடை செய்தது. பின்னர் 1994 இல் சிலவகை ‘அசோ’ச் சாயங்களுக்கும் தடை விதித்தது. அன்று இங்கு எழுந்த கூக்குரல் கொஞ்சமன்று. நம் சரக்கைத் தடுக்க வெள்ளையர் செய்யும் சூழ்ச்சி என்றனர். அடையாற்றில் 1948 முதல் இயங்கிவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் மாற்று வழிகளைக் காண உதவினர், தொழில் பிழைத்தது. ஜெர்மானியக் குழந்தையின் பாதத்திற்கு ஆகாத நஞ்சு, அதனை நாள்தோறும் வெறுங்கையால் அள்ளிய நம் தொழிலாளியின் தோலுக்கு மட்டும் ஆகுமா? அயல்நாட்டு நுகர்வோருக்காக இயற்றிய சட்டம் இங்குள்ள தொழிலாளியையும் காத்தது. அவனுக்காக நாமே அதை முன்பே செய்திருக்க வேண்டும்.

தொழிலைக் காத்தல் வேறு, தொழிலாளரைக் காத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனப் பேசுவது முதலாளிமார்க்கு வசதியாக இருக்கிறது. நம் சமுதாயத்து முதலாளிமாரும் இதற்கு விலக்கல்லர். பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் வாரி வழங்கும் கரங்கள் அவர்களுடையவை. நம் சம்பளமும் அக்கரங்களிலிருந்தே வருகிறது. ஆயினும் இதனைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. 1996 ஆகஸ்டு 28 இல் உச்ச நீதிமன்றம், பாலாற்றைக் கெடுத்த தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. ஆனாலும் 2015 சனவரி 31 இல் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் சேற்றில் மூழ்கி மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அயல்நாட்டு வரி ஏதும் அன்று நம்மீது இல்லை. வாணிபம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

2025 சூலை 24 இல் பிரிட்டனுடன் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அங்கே நம் காலணிகளுக்கு 16 விழுக்காடு வரை இருந்த வரியை நீக்க அதில் வழி செய்தனர். ஒரு சந்தை சுருங்கினால் இன்னொன்று விரிய வேண்டும். அவ்வகையில் அது நன்று. அதே ஆண்டு நவம்பரில் ஏற்றுமதியாளர் கடன் பெறுவதற்கென 20,000 கோடி ரூபாய்க்குப் பிணை உறுதித் திட்டம் ஒன்றை மத்திய அமைச்சரவை ஏற்றது. அதுவும் வேண்டியதே. கடனின்றி முதலாளி ஷாப்பை மூடினால் கூலிக்கு வழி ஏது? ஆனால் இத்தகைய உதவிகளுடன், பெற்ற காலத்தில் இத்தனை பேரை வேலையிலிருந்து நிறுத்துவதில்லை என்றும், வாரத்தில் இத்தனை நாள் வேலை தருவேன் என்றும் உறுதி வாங்கலாம். வரி விதித்தாலும் நீக்கினாலும், தையற்பொறியின் முன் இருப்பவளுக்கு என்ன ஆகும் என்னும் கணக்கும் உடன் வைக்கப்பட வேண்டும்.

வேலையிழந்த காப்பீட்டாளர்களுக்குப் பாதிக் கூலியை 90 நாள்கள் வரை அளிப்பதற்கென 2018 இல் தொழிலாளர் ஈட்டுறுதிக் கழகம் ஒரு திட்டம் தொடங்கிற்று. முதலில் கால் பங்காயிருந்ததைப் பின்னர் அரைப் பங்காக உயர்த்தினர். அத்திட்டத்தின் படிவத்தை நம்மிடம் கொண்டுவந்து நிரப்பித் தரச் சொன்னார்கள் சில பெண்கள். வேலை இழந்த நாள் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? அவர்கள் வேலையை இழக்கவில்லை. பெயர் பதிவேட்டில் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அழைக்கிறார்கள். மூன்று நாள் வீட்டிலிருக்கச் சொல்கிறார்கள். அதற்கு அப்படிவத்தில் கட்டமில்லை. ஈட்டுறுதி அலுவலகத்துக்கும் தொழிலாளர் ஆய்வாளருக்கும் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். பதினேழு பேர் கையெழுத்திட்டனர்.